வளைவில் வளர்ந்த தழைக்குவியல்

முதலில் சத்தம்தான் வந்தது. தடதடவென்று குளம்புகளின் சத்தம். மேட்டிலிருந்து இறங்கி, பாறையில் மோதி, இரண்டு மடங்காகித் திரும்பி வந்தது. அதன் நடுவே சின்னதாக இன்னொரு சத்தம். காய்ந்த சுள்ளிக்கட்டை யாரோ மிதித்த மாதிரி. பிறகு குளம்புச் சத்தம் கீழே மடுவை நோக்கிப் போய்விட்டது.

புதருக்குள் படுத்திருந்த கழுதைப்புலி காதை நிமிர்த்தியது. அது காத்துக் கிடந்தது அந்தச் சின்னச் சத்தத்துக்குத்தான்.

அதன் பெயர் வரியன். கரும்பாறைக் காட்டில், பாதையில் செத்து விழுவதை இழுத்து அப்புறப்படுத்துவது அவன் வேலை. அவன் அப்பனும் அதே வேலைதான் பார்த்தான். 'வழியில் செத்தது கழுதைப்புலிக்கு' என்பது அந்தக் காட்டுச் சட்டம். யாரையும் துரத்த வேண்டாம். யாரிடமும் முட்டு வாங்க வேண்டாம். சத்தம் கேட்டால் எழுந்து போனால் போதும், அன்றைய பாடு முடிந்தது.

அது கடுங்கோடை. சுனைகள் எல்லாம் வற்றிவிட்டன. பள்ளத்தில் ஒரே ஒரு மடுவில் மட்டும் தண்ணீர் கிடந்தது. அந்த மடுவுக்கு இறங்குகிற பாதைக்குப் பெருந்தடம் என்று பெயர். எப்போதோ யானைகள் போட்ட பாதை. காட்டெருமைகளும் கடமான்களும் காட்டுப்பன்றிகளும் கூட்டம் கூட்டமாக அதில் இறங்கி ஓடும். சின்னப் பிராணிகளோ அதைக் குறுக்கே கடக்க வேண்டும். அவற்றின் வளைகள் பாதைக்கு இந்தப் பக்கம். கிழங்கும் புல்லும் அந்தப் பக்கம். பாதையின் இரு ஓரமும் இண்டமுள் அடைத்துக் கிடந்ததால், மொட்டைப்பாறை வளைவு ஒன்றில்தான் கடக்க முடியும்.

வரியன் சோம்பல் முறித்துவிட்டு வளைவுக்கு ஏறிப் போனான். பொழுது இன்னும் சாயவில்லை. பாறை ஓரத்தில் இருந்த பெரிய தழைக்குவியலைத் தாண்டி இரண்டு எட்டில் ஒரு முள்ளம்பன்றி கிடந்தது.

கிட்டே போய்ப் பார்த்தான். அது சிலுப்பன்.

காட்டில் வரியனிடம் நின்று பேசுகிறவர்கள் குறைவு. பிணம் தின்கிற வாய் என்று காற்றுக்கு மேற்பக்கமாக ஒதுங்கிப் போவார்கள். சிலுப்பன் மட்டும்தான் "என்ன மச்சான், இன்னிக்குப் பட்டினியா? அப்ப எல்லாரும் நல்லா இருக்கோம்னு அர்த்தம்" என்று சிரித்துவிட்டுப் போவான். அந்தச் சிலுப்பன்தான் இப்போது மண்ணில் முகம் புதைந்து கிடந்தான். முதுகில் ஒரு முள்கூட நிமிர்ந்திருக்கவில்லை. பயப்படக்கூட அவனுக்கு நேரம் கிடைக்கவில்லை.

வரியனின் வயிறு வழக்கம்போலப் பேசியது. வரியன் அதற்குப் பதில் சொல்லாமல், சிலுப்பனை வேங்கை மரத்தடிக்கு இழுத்துப் போய்க் குழி தோண்டினான்.

மறுநாள் காலையில் விசாரணை நடந்தது. அதை நடத்தியது மந்திரி தேனப்பன் என்கிற கரடி. தேனப்பனுக்கு எந்தச் சாவிலும் ஒரே ஒரு கேள்விதான்: "செத்தவன் கவனமாக வந்தானா?" செத்தவன் வாய் திறப்பதில்லை. ஆகவே கவனக்குறைவு என்று முடிவாகும். கரடி நகத்தை நக்கிக்கொண்டே போய்விடும்.

விசாரணைக்குப் பிறகு தழை போடும் சடங்கு. வழியில் ஒருவன் செத்தால் அந்த இடத்தில் சாவுக்காற்று தங்கிவிடும் என்பது அந்தக் காட்டின் நம்பிக்கை. அது பிடிக்காமல் இருக்க, செத்த இடத்துக்குப் பக்கத்தில் உறவும் சுற்றமும் ஆளுக்கொரு கிளை தழை போட வேண்டும். அந்த வழியே போகிறவர்கள் யாராக இருந்தாலும் மூச்சைப் பிடித்துக்கொண்டு, இப்படி அப்படிப் பார்க்காமல், ஒரே ஓட்டமாக ஓடிவிட வேண்டும். பல கோடைகளின் தழை அங்கே சேர்ந்து, காட்டெருமையின் வயிற்று உயரத்துக்கு நின்றது. சிலுப்பனுக்கும் போட்டார்கள். குவியல் இன்னும் கொஞ்சம் உயர்ந்தது.

இரண்டு நாள் கழித்து வேம்பி வந்தாள். சிலுப்பனின் பெண்சாதி. வரியனின் புதருக்கு முன்னால் தள்ளி நின்றுகொண்டாள்.

"அண்ணே, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்."

"கேளு தங்கச்சி."

"அவரு பராக்குப் பாத்துக்கிட்டே போயிட்டாருன்னு மந்திரி சொல்லிட்டாரு. எங்க பிள்ளைங்களை மத்ததுங்க 'பராக்கு மவன், பராக்கு மவன்'னு கூப்பிடுதுங்க. நீங்கதானே அவரைத் தூக்குனீங்க. அப்படியா செத்தாரு?"

வரியனுக்குப் பொய் சொல்லத் தெரியும். அன்றைக்கு வரவில்லை.

"இல்லை தங்கச்சி. மண்ணுல அவன் தடம் கிடந்துச்சு. மூணு எட்டு வச்சிருக்கான், நின்னுருக்கான், மறுபடி ரெண்டு எட்டு. நின்னு நிதானிச்சுத்தான் போயிருக்கான். வந்ததை அவன் பாக்கவே இல்லை."

"அவருக்குக் கண்ணு நல்லாத்தானே தெரியும்."

"கண்ணு தெரியும். குவியல் மறைச்சிருச்சு. மேலேருந்து வர்றவனுக்கும் இவன் தெரியமாட்டான். போதாததுக்கு, அந்த இடத்துலதான் எல்லாரும் மூச்சைப் பிடிச்சுக்கிட்டுப் பறக்குறாங்க. குவியலைத் தாண்டி ரெண்டு எட்டு. எப்பவும் அதே ரெண்டு எட்டுலதான் விழுறாங்க."

வேம்பி நிமிர்ந்து அவனைப் பார்த்தாள்.

"எப்பவும்னா? அப்ப இது உங்களுக்கு முன்னாடியே தெரியும்."

வரியன் தரையைப் பார்த்தான்.

"தெரிஞ்சும் சொல்லலை."

அவ்வளவுதான் சொன்னாள். திரும்பி நடந்தாள். நாளைக்கும் அவள் அந்த வளைவைக் கடந்தாக வேண்டும், இரண்டு குட்டிகளையும் கூட்டிக்கொண்டு. கிழங்கு அந்தப் பக்கம்தானே இருக்கிறது.

வரியன் அவள் போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தான். ஏன் சொல்லவில்லை என்று அவனையே அவன் கேட்டுப் பார்த்தான். யாரும் கேட்கவில்லை, அதனால் சொல்லவில்லை என்று முதலில் தோன்றியது. அது பாதி உண்மை. மீதிப் பாதி அவன் வயிற்றுக்குள் இருந்தது. வளைவில் சாவு நின்றால் அவனுக்குச் சாப்பாடு நின்றது. சாப்பிடுகிறவன் சமையல்கட்டை எட்டிப் பார்க்கமாட்டான்.

அடுத்த நாள் அவன் ராசாவின் சபைக்குப் போனான்.

கரும்பாறைக் காட்டுக்கு ராசா உறுமன் என்கிற புலி. பெரிய ஆச்சா மரத்தடியில் சபை கூடும். வரியன் உள்ளே வந்ததும் பலரும் மூக்கைத் திருப்பிக்கொண்டார்கள். அவன் தனக்குத் தெரிந்ததைச் சொன்னான். பெருந்தடத்தில் எத்தனையோ இடம் இருக்க, சாவு அந்த ஒரே இடத்தில் விழுவதைச் சொன்னான். குவியலை எடுத்துவிட்டு, வளைவில் எல்லோரும் மெதுவாகப் போக வழி செய்தால் பாதிச் சாவு நிற்கும் என்றான்.

காட்டெருமைகளின் தலைவன் திமிலன் எழுந்து நின்றான். நின்றால் பாதிச் சபைக்கு வெயில் மறையும், அவ்வளவு உடம்பு.

"பொணந்தின்னிக்கு உசிரு மேல அக்கறை வந்துருச்சுய்யா. ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுத கதைதான்."

சபை சிரித்தது. மூலையில் உட்கார்ந்திருந்த ஓநாய் மட்டும் முறைத்தது.

மந்திரி தேனப்பன் சிரிப்பு அடங்கக் காத்திருந்து பேசினான். குவியல் முன்னோர் வழக்கம், அதில் கை வைத்தால் காடு கொந்தளிக்கும் என்றான். பாதை நல்ல பாதை, யானை போட்ட பாதை என்றான். தப்பு பாதையில் இல்லை, போகிறவர்கள் புத்தியில் இருக்கிறது, ஆகவே புத்தி சொல்ல ஒரு கவன வாரம் கொண்டாடலாம் என்றான். கொண்டாட்டம் என்றதும் சபைக்குப் பிடித்துவிட்டது. ராசாவுக்கும் பிடித்துவிட்டது.

கவன வாரம் அமர்க்களமாக நடந்தது. ராசா ஒரு சுரைக்காயை மிதித்து உடைத்துத் தொடங்கி வைத்தார். எல்லோரும் வலது முன்னங்காலைத் தூக்கி, "பார்த்துப் போவோம்" என்று உறுதிமொழி எடுத்தார்கள். கிளிகள் மரத்துக்கு மரம் உட்கார்ந்து "பார்த்துப் போ, பார்த்துப் போ" என்று கத்தின. அந்தக் கத்தலில் குளம்புச் சத்தம்கூட சரியாகக் கேட்கவில்லை. தேக்கிலைகளைக் கோத்துப் பெரிய தட்டிகள் செய்து வளைவில் தொங்கவிட்டார்கள். அதில் ராசா முகம் பெரிதாக இருந்தது. மந்திரி முகம் அதைவிடக் கொஞ்சம்தான் சிறியது. சொல்ல வந்த விஷயத்துக்குத்தான் இடம் போதவில்லை. தட்டி தொங்கியதால், குவியலுக்கு மேலே தெரிந்துகொண்டிருந்த கொஞ்சப் பாதையும் மறைந்துபோனது.

வாரத்தின் கடைசி நாள் நிறைவு விழா. விழாவுக்கு வந்துகொண்டிருந்த ஒரு முயல், குவியலைத் தாண்டி இரண்டு எட்டில் செத்தது. தொடக்க நாளில் எல்லோரையும்விடச் சத்தமாக உறுதிமொழி எடுத்தது அந்த முயல்தான்.

"உறுதிமொழியை மீறிவிட்டது" என்றான் தேனப்பன்.

வரியன் முயலை மெல்லக் கவ்வி எடுத்தான். அவன் சாப்பிட்டு நான்கு நாள் ஆகியிருந்தது. நேராகச் சபைக்குப் போய், ராசாவின் காலடியில் முயலை வைத்தான்.

"ராசா, சட்டப்படி இது என் சாப்பாடு. இதை நீங்களே வச்சுக்குங்க. பதிலுக்கு ஒரே ஒரு சாயங்காலம் என்கூட வளைவுக்கு வாங்க. எனக்கு வேற ஒண்ணும் வேணாம்."

உறுமன் அவன் விலா எலும்புகளைப் பார்த்தார். முயலைப் பார்த்தார். பசித்த ஒருத்தன் சாப்பாட்டைக் கொடுத்துக் கேட்கிறான் என்றால் அதில் என்னவோ இருக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. வருகிறேன் என்றார்.

அன்று மாலையே போனார்கள். விழா முடிந்து தட்டிகளைக் கழற்றியாகிவிட்டது. ராசா, பின்னால் மந்திரி, மந்திரிக்குப் பின்னால் வேடிக்கை பார்க்கப் பாதிக் காடு. சின்னப் பிராணிகள் கடப்பதற்காக நிற்கும் இடத்தில் வரியன் ராசாவை நிறுத்தினான்.

"இங்கேருந்து எனக்குப் பாதை தெரியுதே" என்றார் ராசா, குவியலுக்கு மேலாக எட்டி.

"உங்க உசரத்துக்குத் தெரியும் ராசா. காலை மடக்கிப் படுங்க."

ராசா படுத்தார்.

"இன்னும் தாழ. தாடை மண்ணுல படட்டும். முள்ளம்பன்றி உசரம் அவ்வளவுதான்."

ராசாவிடம் தாழச் சொல்லி இதுவரை யாரும் பேசியதில்லை. தேனப்பன் தொண்டையைக் கனைத்தான். உறுமன் அதைக் கவனிக்காமல் தாடையை மண்ணில் வைத்தார். அவர் கண்ணுக்கு முன்னால் தழை இருந்தது. பக்கவாட்டில் தழை இருந்தது. பாதை என்று ஒன்று இருப்பதற்கான அடையாளமே இல்லை.

"இப்ப கடங்க ராசா. உங்களுக்குத் தெரிஞ்ச அளவு கவனமாக் கடங்க."

உறுமன் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். எங்கேயோ குளம்புச் சத்தம். வலது பக்கமிருந்து வந்தது. வலது பக்கம் பார்த்தார், ஒன்றுமில்லை. சத்தம் பாறையில் மோதித் திரும்பி வருகிறது என்பது அவருக்குத் தெரியாது. தாழ்ந்தபடியே மெல்லத் தவழ்ந்தார். ஓர் எட்டு, இரண்டு எட்டு. குவியலைத் தாண்டித் தலையை நீட்டினார்.

இடது பக்கத்தில் திமிலனின் கூட்டம் மொத்தமும் மூச்சைப் பிடித்துக்கொண்டு, கண்ணை நேரே வைத்துக்கொண்டு, அவர் மேலேயே வந்துவிட்டது.

புலி பாய்ந்தது. உடம்பு தப்பியது. வால் தப்பவில்லை.

கூட்டம் கீழே போய்த்தான் நின்றது. எதை மிதித்தோம் என்று தெரிந்ததும் திமிலன் திரும்பி ஏறி வந்து, கொம்பு தரையில் படத் தலையைத் தாழ்த்தினான்.

"ராசா, நீங்க அங்கே இருந்தது சத்தியமா எனக்குத் தெரியாது."

உறுமன் வாலைத் தூக்க முடியாமல் நின்றார். வலி கண்ணில் இருந்தது. திமிலனின் கழுத்தை இப்போதே முறிப்பதாகச் சொன்னார்.

வரியன் நடுவில் வந்தான்.

"அவர் சொல்றது நிசம் ராசா. அவருக்கு நீங்க தெரிஞ்சிருக்க முடியாது. இவரைக் கொன்னா நாளைக்கு இவர் தம்பி முன்னால ஓடுவாரு. இதே இடத்துல, இதே மாதிரி. யாரைத் தண்டிச்சாலும் இந்த வளைவு இங்கேயேதான் இருக்கும்."

"அப்ப யார் மேல தப்பு?" என்று உறுமினார் ராசா.

"மந்திரி வழக்கமா ஒரு கேள்வி கேப்பாரு. அதையே கேக்கச் சொல்லுங்க. ராசா கவனமா வந்தாரா இல்லையான்னு."

எல்லோரும் தேனப்பனைப் பார்த்தார்கள். தேனப்பன் நகத்தை நக்குவதை நிறுத்தினான். கவனக்குறைவு என்ற வார்த்தை அவன் வாய்வரை வந்து, வெளியே வரப் பயந்து, திரும்ப உள்ளே போய்விட்டது. அந்தக் காட்டில் அந்த வார்த்தை சொல்லப்படாத முதல் விசாரணை அதுதான்.

ராசா தன் வாலைத் திரும்பிப் பார்த்தார். பிறகு தணிந்த குரலில் கேட்டார்: "நான் மட்டும் எப்படித் தப்பிச்சேன்?"

"நீங்க புலி ராசா. பாஞ்சீங்க. சிலுப்பனுக்குப் பாய வராது."

மறுநாள் ஆணை பிறந்தது. குவியலை அகற்ற வேண்டும்.

ஆணை பிறந்துவிட்டது, ஆனால் யாரும் குவியலைத் தொடவில்லை. காட்டுப்பன்றிகள் சாவுக்காற்று பிடிக்கும் என்று தள்ளி நின்றன. ஒரு பெண் கடமான் குவியலின் முன்னால் வந்து மறித்து நின்றது. அதன் கன்று போன கோடையில் செத்தது. "என் மகனுக்குன்னு இருக்கிறது இந்தத் தழை ஒண்ணுதான், இதையும் பிடுங்கிட்டுப் போகப்போறீங்களா?" என்றது. ராசாவே தயங்கினார். கூட்டத்தின் மேல் பாய அவருக்குத் தெரியும். துக்கத்தின் மேல் எப்படிப் பாய்வது என்று தெரியவில்லை. தேனப்பன் அவர் காதருகே போய், ஆணையை அடுத்த கோடைக்குத் தள்ளி வைத்தால் என்ன என்று கேட்டான்.

அப்போது வேம்பி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். குவியலின் மேலாக இருந்த ஒரு புங்கங்கிளையைப் பல்லால் கவ்வி இழுத்தாள். அது அவள் போட்டது. இலை இன்னும் முழுசாகக் காயவில்லை. கடமானின் முன்னால் வந்து அதைக் கீழே வைத்தாள்.

"இது எங்க வீட்டுக்காரருக்கு நான் போட்டது அக்கா. எனக்கும் எடுக்க மனசு இல்லைதான். ஆனா இது இங்கேயே கிடந்தா, அடுத்த கிளையை என் பிள்ளைக்கு நான் போட வேண்டி வரும். வேங்கை மரத்தடியில அவரைப் புதைச்சிருக்கு. அங்கே கொண்டுபோய் வச்சுக்கிறேன். நீங்களும் வாங்க, சேந்து வைப்போம்."

கடமான் அந்தக் கிளையை முகர்ந்து பார்த்தது. பிறகு குவியலின் அடியில் முகத்தை நுழைத்து, மக்கிக் கறுத்துப்போன ஒரு குச்சியை எடுத்துக்கொண்டு வேம்பியின் பின்னால் நடந்தது.

அதன் பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். மிச்சத்தைத் திமிலனின் ஆட்கள் கொம்பால் குத்தித் தூக்கிப் போனார்கள். உச்சிவேளைக்குள் வளைவு வெட்டவெளியாயிற்று. அந்தப் பக்கம் பார்த்தால் மேடு வரை தெரிந்தது. இவ்வளவு தூரம் தெரியும் இடமா இது என்று பலரும் ஆச்சரியப்பட்டார்கள்.

வரியன் அத்தோடு விடவில்லை. குவியல் போனாலும் கால்களுக்குப் பழகின ஓட்டம் போகாது என்றான். ராசாவுக்கும் அது புரிந்தது. பட்டுப்போன இரண்டு மரங்களை உருட்டி வந்து, வளைவுக்கு மேலே பாதையின் குறுக்காகப் போடச் சொன்னார். கன்றின் முழங்கால் உயரம். நடந்து வந்தால் தாண்டலாம். ஓடி வந்தால் கால் தட்டும்.

இதற்கு எதிர்ப்பு கிளம்பியது. தாகத்தோடு வருகிறவனைத் தடுக்கலாமா என்று காட்டுப்பன்றிகள் கேட்டன. எங்கள் கூட்டம் யாருக்காகவும் நின்றதில்லை, இது மானப் பிரச்சினை என்று எருமைகளில் இளவட்டங்கள் முணுமுணுத்தன. திமிலன் அவர்களை ஒரு பார்வை பார்த்தான், அடங்கிவிட்டார்கள். தேனப்பன் மட்டும் தனியாக வந்து, அவசர காரியமாகப் போகும் மந்திரிமார்களுக்கு மட்டும் ஓரத்தில் சின்னதாக ஒரு சந்து விடலாம் என்று யோசனை சொன்னான்.

"கட்டை எனக்கும் சேத்துத்தான் தேனப்பா" என்றார் ராசா. அவர் வால் இன்னும் நேராகவில்லை.

விசாரணைக் கேள்வியும் மாறியது. இனிமேல் யார் விழுந்தாலும், விழுந்தவன் எப்படிப்பட்டவன் என்று கேட்கக் கூடாது. அந்த இடத்தில் ஏன் விழுந்தான் என்று கேட்க வேண்டும், வரியனைக் கூட்டிப்போய்ப் பார்க்க வேண்டும் என்று உத்தரவாயிற்று. ராசாவின் வேட்டையில் மிஞ்சுவது வரியனுக்கு என்றும் சொன்னார்கள். அதைக் கொடுத்தனுப்ப வேண்டியது மந்திரி. மந்திரிக்குப் பாதி நாள் மறந்துவிடும்.

சில நாள் கழித்து வழியில் பார்த்தபோது தேனப்பன் கேட்டான்: "என்ன வரியா, நியாயம் ஜெயிச்சிருச்சு. வயிறு எப்படி இருக்கு?"

"பசிக்குது" என்றான் வரியன்.

பசிக்கத்தான் செய்தது. இப்போதெல்லாம் சாப்பாட்டைத் தேடி மூன்று மலை தாண்டிப் போகிறான். போகிற வழியில் வளைவருகே கொஞ்ச நேரம் நிற்பது வழக்கமாகிவிட்டது. ஒரு சாயங்காலம் அப்படி நின்றபோது, வேம்பி பாதைக்கு அந்தப் பக்கத்தில் கிழங்கு தோண்டிக்கொண்டிருந்தாள். குட்டிகள் அவளிடம் போவதற்காகக் கடந்துகொண்டிருந்தன. பெரியது கடந்துவிட்டது. சின்னது நட்டநடுப் பாதையில் ஒரு வேரைக் கண்டுபிடித்து, அங்கேயே உட்கார்ந்து மெல்ல ஆரம்பித்தது. பார்த்துப் போ என்று எத்தனை கிளி கத்தியிருந்தாலும் அது அதைத்தான் செய்திருக்கும்.

மேட்டில் குளம்புச் சத்தம் எழுந்தது. வேம்பி தோண்டுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள். பாதையின் ஓரத்துக்கு ஓடி வந்தாள். வரியனின் உடம்பு முழுவதும் காதாக இருந்தது. எந்தச் சத்தத்துக்காக அப்பன் காலத்திலிருந்து காத்திருந்தானோ, அது வந்துவிடக் கூடாது என்று காத்திருந்தான்.

கட்டை வரைக்கும் சத்தம் ஓடி வந்தது. கட்டையில் தயங்கியது. ஒரு கால், மறு கால் என்று தூக்கி வைக்கிற சத்தமாக மாறியது. திமிலன் இரண்டாவது கட்டையைத் தாண்டி நிமிர்ந்தபோது, தூரத்திலேயே குட்டி அவன் கண்ணில் பட்டது. நின்றான். அவன் நிற்கவும் பின்னால் மொத்தக் கூட்டமும் நின்றது.

"ஏலே, சாப்பாட்டுக்கு வேற இடம் கிடைக்கலையா உனக்கு? எந்திரிடா. தொண்டை காயுது எங்களுக்கு."

குட்டி அவனை நிமிர்ந்து பார்த்தது. வேரை விட மனமில்லாமல் வாயிலேயே கவ்விக்கொண்டு, ஆடி அசைந்து ஓரத்துக்குப் போனது. கூட்டம் நடந்து இறங்கித் தண்ணீருக்குப் போனது. அவ்வளவுதான். வேறொன்றும் நடக்கவில்லை. யாரும் அதைப் பற்றிப் பேசவுமில்லை. நடக்காத ஒன்றைப் பற்றி என்னவென்று பேசுவது?

வரியன் கிழக்கு மலையைப் பார்த்து நடையைக் கட்டினான். வேம்பி குட்டியின் முதுகில் ஒட்டியிருந்த புழுதியை மூக்கால் தட்டிவிட்டாள். பிறகு பாதியில் விட்ட குழிக்குத் திரும்பி, கிழங்கைச் சுற்றியிருந்த மண்ணைக் கீறத் தொடங்கினாள்.

தவறாத கால் உலகத்தில் இல்லை. ஒரு கால் தவறினாலும் உயிர் தவறாதபடி வழியை அமைத்துக் கொடுப்பதுதான் ஆளுகிறவர்களின் கடமை.